மல்லோரியன் நாவல் வரிசை: வாசகர் கருத்துகளும் மதிப்பீடும்

மல்லோரியன் அமெரிக்க எழுத்தாளர் டேவிட் எட்டிங்ஸ் எழுதிய ஐந்து நாவல்களின் வரிசை. 1987 முதல் 1991 வரை வெளிவந்தது. எபிக் ஃபேன்டஸி என்று வழங்கப்படும் காவிய மிகுபுனைவு வகையைச் சேர்ந்தது. எட்டிங்ஸ் முன்னர் எழுதிய பெல்காரியாட் என்னும் ஐந்து நாவல் வரிசையின் தொடர்ச்சி இது. பெல்காரியாடை விரும்பிய வாசகர்கள் மல்லோரியனைப் பற்றி ஒரே கருத்து கொண்டிருக்கவில்லை. பழைய கதையையே திரும்பச் சொல்கிறது என்று ஒரு சாரார் ஒதுக்குகின்றனர். முதல் வரிசையைவிட முதிர்ந்த படைப்பு இதுவே என்று மற்றொரு சாரார் போற்றுகின்றனர். இரு சாராரின் கருத்துகளையும் தொகுத்து, அவை நூலோடு எந்த அளவு பொருந்துகின்றன என்று இக்கட்டுரை ஆராய்கிறது. கதையின் முடிவும் இதில் பேசப்படுகிறது.

ஆசிரியர்

டேவிட் எட்டிங்ஸ் 1931-ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் பிறந்தார். ரீட் கல்லூரியிலும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். சில காலம் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் மளிகைக் கடையிலும் வேலை பார்த்தார். அவருடைய முதல் நாவலான ஹை ஹன்ட் 1973-இல் வெளிவந்தது. அது வேட்டைக்குச் செல்லும் சிலரைப் பற்றிய சமகால நாவல். மாயமும் மந்திரமும் அதில் இல்லை.

ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் பல ஆண்டுகள் கழித்தும் மறுபதிப்புகள் கண்டு வருவதை ஒரு புத்தகக் கடையில் பார்த்தபோது, இத்தகைய கதைக்கு எவ்வளவு பெரிய வாசகர் கூட்டம் இருக்கிறது என்று தமக்குப் புரிந்ததாக எட்டிங்ஸ் பின்னாளில் எழுதினார். பொழுதுபோக்காகக் கிறுக்கிய வரைபடம் ஒன்றிலிருந்து அவருடைய கற்பனை உலகம் வளர்ந்தது. முதல் வரிசையும் தொடர் வரிசையும் டெல் ரே பதிப்பகத்தின் வழியாக வெளிவந்தன.

அவருடைய மனைவி லீ எட்டிங்ஸும் இந்நாவல்களை எழுதியதில் பங்குகொண்டவர். 1995-இல் வெளியான பெல்காரத் தி சார்சரர் நூலில்தான் இவ்வுலகக் கதைகளில் அவர் பெயர் முதன்முதலாக அட்டையில் இடம்பெற்றது. ஆயினும் முந்தைய வரிசைகளிலும் அவருடைய பங்கு உண்டு என்று டேவிட் எட்டிங்ஸ் ஒப்புக்கொண்டார். லீ 2007-இலும் டேவிட் 2009-இலும் காலமாயினர்.

முதல் வரிசை

பெல்காரியாட் 1982 முதல் 1984 வரை வெளிவந்தது. செண்டாரியா நாட்டின் ஒரு பண்ணையில் வளரும் காரியன் என்னும் அனாதைச் சிறுவன் அதன் நாயகன். அவனை வளர்க்கும் போல் அத்தை உண்மையில் போல்காரா என்னும் மந்திரக்காரி. அவ்வப்போது வந்து கதை சொல்லிப்போகும் கிழவர், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்துவரும் மந்திரவாதி பெல்காரத். களவுபோன ஆல்டரின் மணிக்கல்லைத் தேடி இவர்கள் புறப்படுகின்றனர். ஒற்றனும் வணிகனுமான சில்க், கொல்லன் டர்னிக், போர்வீரன் பராக், இளவரசி செநெட்ரா முதலியோர் வழியில் இணைகின்றனர். காரியன் ரீவா நாட்டின் அரசனாகிறான். இறுதியில் ஆங்காரக் மக்களின் கடவுளான டோராக்கை ஒற்றைக்கு ஒற்றைப் போரில் கொல்கிறான்.

இந்த உலகில் ஒவ்வொரு நாட்டு மக்களுக்கும் ஒரு குணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. செண்டார்கள் காரியத்தில் கண்ணானவர்கள், ட்ராஸ்னியர்கள் தந்திரசாலிகள், டோல்நெட்ரர்கள் பணத்தாசை பிடித்தவர்கள், அரெண்டுகள் வீரம் மிகுந்து அறிவு குறைந்தவர்கள். கிழக்கே வாழும் ஆங்காரக் மக்கள் எதிரிகள். அவர்களுள் மர்கோக்கள் கொடியவர்கள், தல்கள் மந்தமானவர்கள், அவர்களுடைய பூசாரிகளான க்ரோலிம்கள் மனித இதயத்தை அறுத்துப் பலியிடுபவர்கள். கன்னத்தில் தழும்புள்ள ஒருவன் வந்தால் அவன் மர்கோ என்றும், ஆகவே தீயவன் என்றும் வாசகர் உடனே அறிந்துகொள்ளலாம். கதை விரைந்து ஓடுவதற்கு இந்த ஏற்பாடு பெரிதும் உதவியது. அதன் பெருங்குறையும் இதுவே.

தொடர் வரிசையின் கதை

மல்லோரியன் வரிசையின் நாவல்கள் வருமாறு: கார்டியன்ஸ் ஆஃப் தி வெஸ்ட் 1987-இலும், கிங் ஆஃப் தி மர்கோஸ், டீமன் லார்ட் ஆஃப் கராண்டா ஆகிய இரண்டும் 1988-இலும், சார்சரஸ் ஆஃப் டார்ஷிவா 1989-இலும், சீரஸ் ஆஃப் கெல் 1991-இலும் வெளிவந்தன.

டோராக் இறந்தபின் மேற்கு நாடுகளில் அமைதி நிலவுகிறது. காரியன் ரீவாவில் ஆட்சி செய்கிறான். செநெட்ராவை மணந்த அவனுக்கு நெடுநாள் குழந்தை இல்லை. கணவன் மனைவிக்குள் மனத்தாங்கல்கள் வருகின்றன. பிறகு கெரான் என்னும் மகன் பிறக்கிறான். அக்குழந்தையை ஸாண்ட்ரமாஸ் என்னும் மந்திரக்காரி கடத்திச் செல்கிறாள். ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான இறுதித் தேர்வில் அவனை இருளின் கருவியாக்குவது அவள் நோக்கம்.

காரியனும் தோழர்களும் அவளைத் தொடர்ந்து தெற்கே நைஸா, மர்கோக்களின் நாடு, பின்னர் கடல் கடந்து மல்லோரியா என்று பயணம் செய்கின்றனர். பழைய தோழர்களோடு நைஸா நாட்டுத் திருநங்கையல்லாத அரண்மனை அலியான சாடி, ட்ராஸ்னிய ஒற்றர்படையைச் சேர்ந்த வெல்வெட் என்னும் பெண், பேசாத பேருருவன் டோத் ஆகியோர் சேர்கின்றனர். முதல் வரிசையில் மணிக்கல்லைக் கையில் ஏந்தி வந்த சிறுவன் இப்போது எரியாண்ட் என்னும் இளைஞனாக உடன் வருகிறான். மர்கோ அரசன் உர்கிட்டும் மல்லோரியப் பேரரசன் ஸகாத்தும் கதையின் முக்கிய மாந்தர்களாகின்றனர். கண்களைத் துணியால் கட்டிக்கொண்ட சைராடிஸ் என்னும் ஞானப்பெண் இறுதியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் எரியாண்டைத் தேர்கிறாள். டோராக் இருந்த இடத்தில் எரியாண்ட் ஆங்காரக் மக்களின் புதிய கடவுளாகிறான். கெரான் மீட்கப்படுகிறான்.

வாசகர்கள் கூறும் குறைகள்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று நன்னூல் பத்தினைப் பட்டியலிடுகிறது. மல்லோரியன் பற்றி வாசகர்கள் சொல்லும் குறைகளை அவற்றுள் மூன்றில் அடக்கிவிடலாம்.

முதலாவது, கூறியது கூறல். இரண்டு வரிசைகளிலும் ஒரு பொருள் களவு போகிறது. முன்னது மணிக்கல், பின்னது குழந்தை. இரண்டிலும் தீர்க்கதரிசனம் ஒரு குழுவைக் கூட்டுகிறது. குழு நாடு நாடாகச் செல்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சூழ்ச்சியில் சிக்கி மீள்கிறது. இறுதியில் இரு தரப்பும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. சில்க்கின் கேலி, பெல்காரத்தின் குடி, போல்காராவின் அதட்டல் ஆகியவையும் மாறவில்லை. ஐந்து நூல்களில் சிரிக்க வைத்த உரையாடல் பத்தாவது நூலில் அலுப்பூட்டுகிறது என்பது பரவலான குறை.

இந்தக் குறையை ஆசிரியர் எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார். நிகழ்ச்சிகள் மீண்டும் வருவதைக் கதைமாந்தர்களே கவனித்துப் பேசுகின்றனர். அதற்கு ஒரு காரணமும் கதைக்குள் கூறப்படுகிறது. தொல்காலத்தில் ஒரு விண்மீன் வெடிக்கக்கூடாத இடத்தில் வெடித்தது; அதனால் உலகின் நோக்கம் இரண்டாகப் பிளந்தது; அந்தப் பிளவு சரியாகும்வரை காலம் முன்னே செல்ல முடியாமல் ஒரே வகை நிகழ்ச்சிகளைச் சுற்றிச் சுற்றி வருகிறது. சில வாசகர்கள் இதை நல்ல உத்தியாகக் கொள்கின்றனர். வேறு சிலர், குற்றத்தைச் செய்துவிட்டு அதற்குக் கதைக்குள்ளேயே சாக்குத் தேடுவது என்கின்றனர். ஒரு பயணம் அலுப்பூட்டுகிறதா இல்லையா என்பது பக்கங்களைப் படிக்கும்போது ஏற்படும் அனுபவம். விண்மீன் வெடித்த கதை அந்த அனுபவத்தை மாற்றுவதில்லை. ஆகவே இரண்டாம் சாரார் கூற்றே வலுவானது.

இரண்டாவது, மாறுகொளக் கூறல். முதல் வரிசையில் காரியன் டோராக்கைக் கொல்வதே யுகங்களின் முடிவான நிகழ்ச்சி என்று சொல்லப்பட்டது. ஆயிரமாயிரம் ஆண்டுகள் அதற்காகவே மன்னர் குலங்கள் காக்கப்பட்டன, போர்கள் நடந்தன. தொடர் வரிசை வந்து, முடிவு அதுவன்று, இன்னொன்று இருக்கிறது என்கிறது. இதற்காகப் பழைய தீர்க்கதரிசன நூலில் மைக்கறை படிந்த ஒரு பகுதி கண்டெடுக்கப்படுகிறது. மணிக்கல்லின் ஒளியில் காரியன் அதைப் படிக்கிறான். முதல் வரிசையின் வெற்றி இதனால் சிறுத்துவிட்டது என்பது இவ்வாசகர்களின் வருத்தம். இந்த வருத்தம் நியாயமானது. முடிந்தது என்று கையெழுத்திட்ட கதையைத் திறக்கும் எந்தத் தொடர்ச்சியும் இந்த விலையைக் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, மிகைபடக் கூறல். மகனைப் பறிகொடுத்த தந்தை துரத்துகிறான். ஆனால் விருந்துகளும் பேரங்களும் விடுதித் தங்கல்களும் பக்கங்களை நிறைக்கின்றன. சில்க் மல்லோரியாவில் அவரை விளைச்சலை வளைத்து வாங்கி லாபம் பார்க்கும் பகுதி சுவையானது. குழந்தை எதிரியின் கையில் இருக்கும்போது அது எதற்கு என்று வாசகர் கேட்கின்றனர். ஸாண்ட்ரமாஸ் பெரும்பகுதி தொலைவிலேயே இருப்பதால் அவள்மீது அச்சம் எழவில்லை என்பதும் இதனோடு சேர்ந்த குறை. செநெட்ரா இளவரசியாக இருந்தபோது படை திரட்டியவள். தாயானபின் அழுவதே அவள் வேலையாகிவிட்டது என்று பெண் வாசகர்கள் பலர் குறைப்படுகின்றனர்.

வாசகர்கள் பாராட்டுவன

வரிசையின் முதல் நூலான கார்டியன்ஸ் ஆஃப் தி வெஸ்ட் பெரும்பாலோர் பாராட்டும் நூல். அதன் முற்பகுதியில் பெரிய நிகழ்ச்சி ஏதும் இல்லை. டர்னிக்கும் போல்காராவும் ஒரு பழைய வீட்டைச் செப்பனிட்டுக் குடியேறுகின்றனர். சிறுவன் எரியாண்ட் ஆற்றங்கரையில் வளர்கிறான். காரியன் அரச வேலைகளின் அலுப்பைக் கற்றுக்கொள்கிறான். மிகுபுனைவு நாவல்கள் பெரும்பாலும் முடிசூட்டு விழாவோடும் திருமணத்தோடும் முடிந்துவிடும். அடுத்த நாள் காலையிலிருந்து அந்த அரசனும் அரசியும் எப்படி வாழ்ந்தார்கள் என்று இந்நூல் காட்டுகிறது.

சாடியும் வெல்வெட்டும் புதிய பாத்திரங்களில் அதிகம் விரும்பப்படுபவர்கள். சாடி நஞ்சுகளில் வல்லவன். ஸித் என்னும் சிறிய நச்சுப்பாம்பை உடன் வைத்திருக்கிறான். முதல் வரிசையில் அருவருப்பான நாடாகக் காட்டப்பட்ட நைஸாவிலிருந்து வந்தவன் அவன். பயணத்தின் முடிவில் வாசகர் அவனை இழக்க விரும்புவதில்லை. ஏமாற்றுவதில் சில்க்கை மிஞ்சியவர் இல்லை என்றிருந்த நிலையை வெல்வெட் மாற்றுகிறாள். பழகிய நண்பர்களோடு மீண்டும் சில நாட்கள் இருக்கக் கிடைத்ததே போதும் என்று கூறும் வாசகர்களும் உண்டு. அவர்களுக்குக் கதை திரும்ப வருவது குறையாகப் படுவதில்லை. தெரிந்த கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் ஊர்க்காரர்களைப் போன்றவர்கள் அவர்கள்.

எதிரியின் நிலம்

மேற்கண்ட பாராட்டும் குறையும் ஒன்றை அதிகம் கவனிப்பதில்லை. இரண்டு பயணங்களும் ஒரே அமைப்புடையவை. ஆனால் அவை செல்லும் நிலம் வேறு. முதல் வரிசையின் பயணம் பெரும்பகுதி மேற்கு நாடுகளில், நண்பர்களின் நடுவே நிகழ்கிறது. எதிரி நாட்டுக்குள் அவர்கள் நுழையும்போது காண்பவை பாழ்நிலமும் பலிபீடமும் இடிந்த நகரமும்தான். தொடர் வரிசையில் மூன்று நூல்களுக்கும் மேலாக எதிரி நாட்டிலேயே கதை நடக்கிறது. அங்கே அரண்மனை இருக்கிறது, சந்தை இருக்கிறது, தாய்மார்கள் இருக்கிறார்கள். போர் எங்கே நடந்தாலும் கோப்புகளைத் தள்ளிக்கொண்டிருக்கும் மெல்சீன் அதிகாரிகளும் இருக்கிறார்கள். வரிசைகளின் பெயர்களே இந்த மாற்றத்தைச் சொல்கின்றன. பெல்காரியாட் என்பது பெல்காரியன் என்ற நாயகனின் பட்டப்பெயரிலிருந்து வந்தது. மல்லோரியன் என்பது எதிரி நாட்டின் பெயரிலிருந்து வந்தது.

நூல்களிலும் இம்மாற்றம் உண்டு. முதல் வரிசையில் காரியனுக்கு வழிகாட்டியவை மேற்கின் தீர்க்கதரிசன நூல்கள். தொடர் வரிசையில் அவை போதவில்லை. டோராக் சொன்ன ஆஷபா வாக்குகளையும் கெல் நகரத்து ஞானிகள் காத்துவரும் மல்லோரிய நூல்களையும் தேடிப் படித்தால்தான் அவனால் மகனைக் கண்டுபிடிக்க முடியும். தன் தரப்பு நூலை மட்டும் படித்தவனுக்குப் பாதி வழிதான் தெரியும் என்று கதை அமைக்கப்பட்டிருக்கிறது.

பேரரசன் ஸகாத் இந்த மாற்றத்தின் மையமான பாத்திரம். இளமையில் தான் காதலித்த பெண் தனக்கு எதிரான சதியில் பங்குகொண்டாள் என்று நம்பி அவளைக் கொல்லச் செய்தவன் அவன். அவள் குற்றமற்றவள் என்றும், சதிக்குப் பின்னால் இருந்தவன் மர்கோ மன்னன் தவுர் உர்கஸ் என்றும் பிறகு அறிகிறான். அன்று முதல் மர்கோ இனத்தையே அழிப்பது அவன் வாழ்வின் நோக்கமாகிறது. பூனை ஒன்றைத் தவிர வேறு எவரிடமும் அவன் பாசம் காட்டுவதில்லை. காரியனைச் சிறைபிடிக்கும் நிலையில் கதைக்குள் வருகிறான், நஞ்சூட்டப்பட்டுச் சாவின் வாயில் வரை சென்று மீள்கிறான், காரியனின் நண்பனாக மாறுகிறான், சைராடிஸை நேசிக்கிறான். ஒரு தனிமனிதன் செய்த கொடுமைக்காக ஓர் இனத்தையே வெறுப்பவன் எப்படி இருப்பான் என்று வாசகர் இவனிடம் பார்க்கின்றனர். முதல் வரிசையைப் படித்த வாசகரும் மர்கோக்களை அப்படித்தான் வெறுத்திருப்பார். வரிசையின் இறுதியில் ஸகாத் மர்கோ அரசனோடு அமைதி உடன்படிக்கை செய்துகொள்கிறான். பத்து நூல்களின் பெரிய போர் வெற்றிகளைவிட இந்தக் கையெழுத்து முக்கியமானது.

இந்த மாற்றத்தின் விதை முதல் வரிசையின் இறுதியிலேயே இருந்தது. டோராக் வீழ்வது வெற்றி முழக்கத்தோடு எழுதப்படவில்லை. தன்னை யாரேனும் நேசிக்க வேண்டும் என்று ஏங்கிய கடவுளாக அவன் சாகிறான். அவனுடைய சகோதரக் கடவுளர் வந்து துக்கம் கொள்கின்றனர். கொன்ற காரியனும் மகிழவில்லை. தொடர் வரிசை அந்த இரக்கத்தை ஒரு கடவுளிடமிருந்து அவனை வழிபட்ட மக்களுக்கு விரிக்கிறது. மூலத்தோடு முடிபு ஒத்து, தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்ப்பது வழிநூல் என்பர் இலக்கண நூலார். மல்லோரியன் சேர்த்த வேறுபாடு இதுதான். கூறியது கூறல் என்று அதை ஒதுக்கும் வாசகர்கள் பாதையின் வடிவத்தைப் பார்க்கின்றனர். பாதை யாருடைய வீட்டு வாசல் வழியாகச் செல்கிறது என்று பார்ப்பதில்லை.

முழுமை பெறாத மாற்றம்

எட்டிங்ஸ் இந்த வழியில் எவ்வளவு தூரம் சென்றார் என்பது அடுத்த கேள்வி. மர்கோ அரசன் உர்கிட் இதற்கு நல்ல சான்று. அவன் நகைச்சுவை மிக்கவன், கூர்மதியுள்ளவன், தந்தை தவுர் உர்கஸின் வெறி தனக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சி வாழ்பவன். மர்கோக்களைப் பற்றிய பழைய எண்ணத்தை உடைப்பதற்கே படைக்கப்பட்டவன்போல் இருக்கிறான். ஆனால் அவன் தவுர் உர்கஸின் மகனே அல்லன் என்ற உண்மை வெளிப்படுகிறது. முன்னொரு காலத்தில் மர்கோ நாட்டுக்கு வந்த சில்க்கின் தந்தைக்குப் பிறந்தவன் அவன். சில்க்கின் தம்பி முறை. அதனால்தான் அவனுக்குச் சில்க்கின் முகச்சாயலும் குறும்பும் இருக்கின்றன என்று கதை விளக்குகிறது.

இந்தத் திருப்பத்தைப் பெரும்பாலான வாசகர்கள் ரசிக்கின்றனர். காட்சியாக அது சிறப்பானதே. ஆயினும் அதன் பொருள் எண்ணிப் பார்க்கத்தக்கது. முதன்முறையாக வாசகர் ஒரு மர்கோவை விரும்பத் தொடங்கும்போது, அவன் பாதி மர்கோதான் என்று நூல் சொல்லிவிடுகிறது. நல்ல குணம் மேற்கத்திய இரத்தத்தில் வந்தது என்றாகிறது. கதவைத் திறந்த கையே அதைப் பாதி சாத்தியும் விடுகிறது. உர்கிட்டின் அமைச்சன் ஆஸ்கடாட் கலப்பில்லாத மர்கோ. நேர்மையானவன், அரசனின் பிறப்பு இரகசியம் தெரிந்தபின்னும் அவனுக்கு உண்மையாக நிற்பவன். உர்கிட்டின் தாயும் மர்கோப் பெண்ணே. இவர்கள் இல்லையெனில் நூலின் நோக்கமே தோற்றிருக்கும். ஆனால் இவர்களுக்குக் கிடைத்த பக்கங்கள் குறைவு.

புதிய கடவுள் வருவதிலும் இதே தயக்கம் உண்டு. ஆங்காரக் மக்கள் தீயவர்கள் அல்லர், அவர்களுக்கு வாய்த்த கடவுள்தான் பிழையானவர் என்பது முடிவு. இது முதல் வரிசையைவிட நல்ல முடிவு. ஆனால் பலிபீடத்தை அவர்களே எழுந்து உடைக்கவில்லை. வேறோர் இனத்து ஞானப்பெண் தேர்ந்தெடுக்க, மேற்கில் வளர்ந்த இளைஞன் அவர்களுக்குக் கடவுளாக வருகிறான். அவர்கள் விடுதலை பெறுகிறார்கள். விடுதலைக்காக அவர்கள் செய்தது சிறிது. வழிநெடுக நாயகன் தரப்பினர் மர்கோக் காவலர்களையும் க்ரோலிம்களையும் கேலிப்பேச்சோடு கொன்று செல்வதும் முந்தைய வரிசையைப் போலவே தொடர்கிறது.

ஆசிரியர் வாழ்வும் வாசகர்களும்

எட்டிங்ஸ் தம்பதியரின் வாழ்க்கையில் நடந்த ஒன்று அண்மைக்கால வாசகர் கருத்துகளைப் பெரிதும் பாதித்திருக்கிறது. தெற்கு டகோட்டாவில் வாழ்ந்த காலத்தில், 1970-இல், தாங்கள் தத்தெடுத்து வளர்த்த குழந்தையைக் கொடுமைப்படுத்திய வழக்கில் இருவரும் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தனர். பிள்ளைகளை வளர்க்கும் உரிமையையும் இழந்தனர். அவர்கள் மிகுபுனைவு எழுதத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னர் நடந்த இந்நிகழ்ச்சி, இருவரும் காலமானபிறகே வாசகரிடையே பரவலாகத் தெரியவந்தது. டேவிட் எட்டிங்ஸ் தம் சொத்தின் பெரும்பகுதியை ரீட் கல்லூரிக்கும், குழந்தைகளின் ஆஸ்துமா நோய்க்கான மருத்துவத்துக்கும் எழுதி வைத்துச் சென்றார்.

மல்லோரியன் கடத்தப்பட்ட குழந்தையைத் தேடும் பெற்றோரின் கதை. போல்காரா அனாதைகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவள். ஆகவே இச்செய்தியை அறிந்தபின் இந்நூல்களைத் தொட முடியவில்லை என்று கூறும் வாசகர்கள் உண்டு. நூல் வேறு, எழுதியவர் வேறு என்று கொள்வோரும் உண்டு. இளமையில் தமக்குத் துணையாக இருந்த நூலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்போரும் பலர். இவற்றுள் எதையும் தவறென்று தள்ள முடியாது. இச்செய்தியை மறைத்து இந்நூல்களை இளையோருக்குப் பரிந்துரைப்பது சரியன்று. நூலில் இல்லாத பொருளை இச்செய்தியைக் கொண்டு ஒவ்வொரு வரியிலும் ஏற்றிப் படிப்பதும் சரியன்று. போல்காராவின் அதட்டலும் காதைத் திருகும் கண்டிப்பும் முன்னர் வேடிக்கையாகத் தோன்றின. இன்று பலருக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அளவு மாற்றம் வாசிப்பில் இயல்பாக நேர்வது.

மதிப்பீடு

தனி நாவல்களாகப் பார்த்தால் மல்லோரியன் பெல்காரியாடைவிடத் தளர்வானது. பண்ணைச் சிறுவன் உலகை முதன்முதலாகக் காணும் வியப்பு அதில் இல்லை, இருக்கவும் இயலாது. நடுவிலுள்ள நூல்களில் பயணம் இழுக்கிறது. நாயகர்கள் தோற்பார்கள் என்ற ஐயம் வாசகருக்கு ஒருபோதும் வருவதில்லை. டோத்தின் மரணம் ஒன்றே உண்மையான இழப்பாக நிற்கிறது.

இரண்டு வரிசைகளையும் ஒரே கதையாகச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. பெல்காரியாடை மட்டும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் படித்து நிறுத்திய ஒருவர், முகத்தைப் பார்த்து ஒருவனின் இனத்தையும் இனத்தைப் பார்த்து அவன் குணத்தையும் அறியலாம் என்ற பாடத்தோடு நிற்பார். ஆசிரியர் கற்பிக்க விரும்பிய பாடமாக இல்லாவிட்டாலும், கதை கற்பிப்பது அதுவே. மல்லோரியன் அந்தப் பாடத்தைத் திருத்த முயல்கிறது. திருத்தம் முழுமையானதன்று, உர்கிட்டின் பிறப்பில் அது தடுமாறுகிறது. இருப்பினும் தாம் உருவாக்கி வெற்றி கண்ட உலகின் பிழையான இடத்துக்கே ஒரு வெகுசன எழுத்தாளர் திரும்பிச் சென்று, ஐந்து நூல்களைச் செலவிட்டது குறிப்பிடத்தக்கது.

இவ்வரிசையைப் படிக்க விரும்புவோர் பெல்காரியாடை முதலில் முடித்துவிட்டு, சில மாதங்கள் இடைவெளி விட்டுத் தொடங்குவது நல்லது. பத்து நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போருக்கே கூறியது கூறல் பெரிதாக உறுத்துகிறது. பெல்காரத் தி சார்சரர், 1997-இல் வந்த போல்காரா தி சார்சரஸ் ஆகிய முன்கதை நூல்களை அதன்பிறகு படிக்கலாம். வகுப்பறையிலோ வாசகர் வட்டத்திலோ இவ்வரிசையை எடுத்துப் பேசுவோர் கிங் ஆஃப் தி மர்கோஸ் நூலிலிருந்து தொடங்கலாம். உர்கிட் தவுர் உர்கஸுக்கே பிறந்த மகனாக இருந்திருந்தால் அவன்மீது வாசகருக்கு ஏற்பட்ட அன்பு குறைந்திருக்குமா என்று மாணவர்களைக் கேட்டு, விடையை அவர்களையே எழுதச் சொல்லலாம்.